சட்டைக்கு ஏற்ற செடி எது?

தைப்பூசம் நெருங்கும்போது ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியா கடைகளில் மஞ்சள் உடைகள் வரிசையாகத் தொங்கும். அடுத்த முறை போகும்போது கழுத்துப் பட்டைக்குப் பின்னால் உள்ள லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பாலியெஸ்டர் என்றே எழுதியிருக்கும். தண்ணீர் போத்தல் செய்யப்படும் அதே நெகிழிதான் அது. பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் நார்களில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான். ஒவ்வொரு சலவையிலும் அது கண்ணுக்குத் தெரியாத நுண்நெகிழி இழைகளைத் தண்ணீரில் விடுகிறது. தண்ணீர்மலையில் ஏறி இறங்கிய பிறகு அந்த உடையை எத்தனை பேர் மறுபடி உடுத்துகிறார்கள் என்பது வேறு கேள்வி.

சரி, பருத்திக்கு மாறிவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதன்படி பார்த்தால் ஒரு டி-சட்டைக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர். நாளுக்கு 3 லிட்டர் குடிக்கும் ஒருவருக்கு இது இரண்டரை ஆண்டுகளுக்குப் போதும். இந்தக் கணக்கில் ஏறத்தாழ பாதி மழைநீர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரபரப்பாக எழுதுபவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மழை போதாத இடத்தில் ஆற்றைத் திருப்பித்தான் பருத்தி வளர்க்க வேண்டும். 1960களில் மத்திய ஆசியாவில் அப்படி இரண்டு ஆறுகளைத் திருப்பினார்கள். உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடலின் பெரும்பகுதி இன்று உப்புப் படிந்த மணல்வெளி.

இந்த இடத்தில்தான் ஹெம்ப் என்ற பெயர் வருகிறது. தமிழில் இதைச் சணல் என்று எழுதுகிறார்கள். அதனால் குழப்பம்தான் மிச்சம். கோணிச்சாக்கு தைக்கும் சணல் வேறு செடி. தமிழ்நாட்டு விவசாயிகள் நெல் நடுவதற்கு முன் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழும் சணப்பை அவரை இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் அதே இனம். போதை தரும் டிஎச்சி என்ற பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட வகை அது. அமெரிக்காவில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் அப்பொருள் இருந்தால் அதை ஹெம்ப் என்று ஏற்கமாட்டார்கள்.

வயலில் ஹெம்ப் உண்மையிலேயே கெட்டிக்காரச் செடி. மூன்று, நான்கு மாதங்களில் ஆள் உயரத்தைத் தாண்டி நெருக்கமாக வளர்ந்து நிழல் கட்டுவதால் களை தலைதூக்காது. பூச்சிக்கொல்லி மிகக் குறைவாகவே தேவைப்படும். ஒரே அளவு நிலத்தில் பருத்தியைவிடக் கூடுதலாக நார் தரும், தண்ணீரும் குறைவாகக் கேட்கும். ஆனால் நைட்ரஜன் உரத்தை நன்றாகவே கேட்கும். அந்த உரத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கும். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 270 மடங்கு வலியது. ஹெம்பைப் புகழும் விளம்பரங்களில் இந்த வரியை நான் பார்த்ததில்லை.

வயலைவிட முக்கியமான கதை அறுவடைக்குப் பிறகு நடக்கிறது. பருத்தி நார் விதையின் மேல் பஞ்சாக, ஏறக்குறைய முழுவதும் செல்லுலோசாக வந்துவிடுகிறது. ஹெம்ப் நாரோ தண்டின் பட்டையில், பெக்டின் என்ற பசையால் ஒட்டிக்கிடக்கிறது. அதைப் பிரிக்கத் தண்டை ஊறவைத்து அழுகவிட வேண்டும். பாக்டீரியாக்கள் பெக்டினைத் தின்னும்போது நீரில் கரைந்த ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். குளம் நாறும், மீன் சாகும். புதிய பிரச்சினை அல்ல இது. கால்நடைகள் நீர் அருந்தும் ஆறுகளில் ஹெம்ப் ஊறவைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்திலேயே, 1541இல், சட்டம் போட்டார்கள். தண்ணீரில் ஊறவைக்காமல் வயலில் பனியில் கிடத்திப் பதப்படுத்தலாம். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தரமும் சீராக வராது. நாரைப் பருத்திபோல் மென்மையாக்க ஆலையில் காரம் சேர்த்தால் அந்தக் கழிவு நீரையும் சுத்திகரித்தாக வேண்டும். ஆகவே 'ஹெம்ப் சட்டை நல்லதா?' என்று என்னிடம் கேட்டால், எந்த ஆலையில் செய்தது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் ஹெம்ப், கஞ்சா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தியாவில் உத்தராகண்ட் மாநிலம் 2018இல் நாருக்காக இதை வளர்க்க உரிமம் கொடுத்தது உண்மை. அதைப் படித்துவிட்டு யாரும் இணையத்தில் விதை வாங்கிவிடாதீர்கள். இங்கே அது கடும் குற்றம்.

ஆனால் இங்கேயே சட்டபூர்வமான ஒரு நார்ச்செடி இருக்கிறது: கெனாஃப். செம்பருத்தியின் உறவு, புளிச்சக்கீரைக்கு இன்னும் நெருங்கிய உறவு. கிளந்தான், திரங்கானு பகுதிகளில் புகையிலைக்கு மாற்றாக அரசாங்கம் இதை ஊக்குவித்தது. 1973இல் தொடங்கிய புகையிலை வாரியத்தின் இடத்தில் 2010இல் தேசியக் கெனாஃப், புகையிலை வாரியம் வந்தது. நான்கைந்து மாதத்தில் 3, 4 மீட்டர் உயரம் வளர்ந்துவிடும் இந்தச் செடியின் நார், பலகைகளுக்கும் கார் உட்பாகங்களுக்கும் போகிறது.

சட்டைக்குப் போகுமா? அங்கேதான் சிக்கல். ஹெம்ப் நாரின் ஒற்றைச் செல் சராசரியாக 20 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். கெனாஃப் செல்லோ சில மில்லிமீட்டர்தான். லிக்னினும் கூடுதல், அதனால் நார் முரடு. மெல்லிய நூலாக நூற்பது கடினம். நம் கெனாஃபைச் சட்டையாக்கியே தீர வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். பாலிபுரோப்பிலீன் பிடித்துக்கொண்ட அரிசிச் சாக்கு, கடைப் பை, கயிறு ஆகியவற்றைக் கெனாஃப் திரும்பப் பிடிக்கட்டும். துணிக்கு வேண்டுமானால் பருத்தியோடு கலந்து பார்க்கலாம். சென்னை அருகே அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநார் போன்றவற்றைக் கலந்து சேலையே நெய்கிறார்கள். முரட்டு நார் என்று ஒதுக்கியிருந்தால் அது நடந்திருக்காது.

நம் ஆய்வுப் பணம் இந்தக் கலப்பு நூலுக்கும், ஊறவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. பினாங்கின் குழாய்நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆறு என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. அதன் கரையில் நார் ஆலை வருகிறதென்றால் செடியின் பெருமையை மட்டும் கேட்டுத் தலையாட்ட முடியாது.

அறிவியல் விழாவுக்குத் தலைப்புத் தேடுபவர்களுக்கு ஒரு யோசனை. கெனாஃப் கிடைக்காவிட்டால் வேலியோரத்துச் செம்பருத்தி போதும். விரல் தடிமனுள்ள தண்டுகளின் பட்டையை உரித்து, ஒரு பங்கை வெறும் தண்ணீரிலும் இன்னொரு பங்கைக் குளத்து நீரிலும் இரண்டு வாரம் ஊறப்போடுங்கள். எதில் நார் சீக்கிரம் பிரிகிறது, நீல லிட்மஸ் தாள் எந்த நாளில் நிறம் மாறுகிறது, நாற்றம் எப்போது தொடங்குகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். வாளியை வலைத்துணியால் இறுக மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும்.