தழும்பு யாருக்கு வெட்கம்?

தாயில்பட்டியில் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் சிலர் முந்தானையை இழுத்து ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருப்பார்கள். ஆண்களில் சிலர் தோளில் கிடக்கவேண்டிய துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். வெயிலுக்காக அல்ல. பட்டாசு ஆலையில் மருந்து பற்றி எரிந்த நாளில் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். திருடவில்லை, பிறரை ஏய்க்கவில்லை. உழைக்கப் போன இடத்தில் வெந்தார்கள். அவர்கள் ஏன் முகத்தை ஒளித்து நடக்கவேண்டும்?

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடித்து உயிர்கள் போயின. செத்தவர் கணக்கு ஊரறிய வருகிறது. "மேலும் பலர் காயம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அந்தக் கணக்கு என்ன ஆகிறது? அது ஆயுள் முழுவதும் கூடவே வருகிறது.

தீப்புண் ஆறும் விதம் வேறு. ஆழமாக வெந்த இடத்தில் தழும்பு தடித்து எழும்பும். தோல் சுருங்கும். கழுத்துத் தோல் மோவாயைக் கீழே இழுக்கும். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கும். இதைத் தடுக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இறுக்கமான தனி உடுப்பு அணியவேண்டும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டியும் வரலாம். அன்றாடக் கூலிக்காரர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை நடப்பார்? ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. பாதியில் நிறுத்துகிறார். விரல் மடங்கிவிடுகிறது. பிறகு, "இவனால் திரி வெட்ட முடியாது" என்று வேலையும் இல்லை என்கிறார்கள்.

இதற்கும் மேல் ஒரு புண் உண்டு. அதை உண்டாக்குவது மருந்து அல்ல, மனிதர்கள்.

யார் வைத்த அளவுகோல்?

வெந்த முகத்துப் பெண்ணுக்கு வரன் வந்தால் நகை கூடுதலாகக் கேட்கிறார்கள். தழும்புக்கு விலை வைக்கிறார்கள்! பள்ளிக்கூடத்துப் பையன் தன் தகப்பனைப் பார்த்து, "நீ வராதே, அம்மாவை அனுப்பு" என்கிறான். வேலைத்தலத்தில் நாமே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். விளையாட்டுக்குத்தான் என்கிறோம். கேட்கிறவர் சிரிக்கிறார், வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைத் திருப்பி வைக்கிறார்.

அழகு இன்னது என்று வரையறுத்தது யார்? 1975-ல் சிவப்பழகு கிரீம் ஒன்று இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுப்பாயிருந்தால் வேலை கிடையாது, மாப்பிள்ளை கிடையாது என்று விளம்பரங்கள் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தன. 2020-ல் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக ஜனங்கள் வீதிக்கு வந்த பிறகுதான் அதன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்தார்கள். 45 வருஷம் நம் தோலையே நமக்குக் குற்றமாக்கி விற்ற காசு திரும்பி வந்ததா? கரிசல் மண் கறுப்புத்தான். அதில்தான் வெள்ளைப் பருத்தி வெடிக்கிறது. வெயிலில் நின்றவன் தோலும் வெடிமருந்தில் வெந்தவள் தோலும் உழைப்பின் கணக்கேடுகள். அந்த ஏட்டைப் பார்க்கக் கூசவேண்டியவர்கள் நாமல்ல.

சட்டம் சொல்லுவதும் சொல்லாததும்

ராஜபாளையம் மில்லில் விரலைப் பறிகொடுத்த தோழருக்கு நஷ்டஈட்டு அட்டவணை தெரியும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த அட்டவணையில் இன்னொரு வரியும் இருந்தது: முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்தால் 100 சதவீத நஷ்டம். இரண்டு கைகளும் போனதற்குச் சமம்! 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வரி இருக்கிறது. முகம் என்பது வெறும் அலங்காரமல்ல, அது பிழைப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் உள்குத்தகைக் கொட்டகையில் பெயர் பதியாமல் வேலை செய்தவர், தன்னைத் தொழிலாளி என்று எந்தச் சீட்டைக் காட்டி நிரூபிப்பார்?

மற்றொன்றையும் கவனியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அமிலம் வீசி உருக்குலைக்கப்பட்டவர்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. மிகவும் நியாயம். ஆலைத் தீயில் முகம் வெந்தவர்களுக்கோ அப்பட்டியலில் தனி இடம் இல்லை. கை கால் முடங்கினால் மட்டும் வேறு தலைப்பில் சேரலாம். இரண்டு முகமும் வெந்த முகந்தானே? ஒன்றுக்கு இடம், ஒன்றுக்கு இல்லையா?

நாகசாகியின் தபால்காரர்

1945 ஆகஸ்ட் 9-ந் தேதி நாகசாகியில் சைக்கிளில் தபால் கொண்டுபோன 16 வயதுப் பையன் தானிகுச்சி சுமிதெரு. அணுகுண்டு அவர் முதுகு முழுவதையும் வேகவைத்தது. ஒரு வருஷம் ஒன்பது மாதம் குப்புறவே கிடந்தார். பிழைத்தெழுந்து மறுபடி தபால் வேலைக்குப் போனார்.

ஜப்பானிலும் குண்டில் வெந்தவர்களைக் கண்டு ஒதுங்கினார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கினார்கள். அவர்களும் ஒளிந்துதான் வாழ்ந்தார்கள். 1956-ல் கூடிச் சங்கம் கண்டார்கள். 1957-ல் சர்க்கார் அவர்களுடைய வைத்தியத்துக்குச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தானிகுச்சி தன் சிவந்த முதுகின் படத்தைக் கையில் ஏந்தி நாடு நாடாகப் பேசினார். 2017-ல் மறைந்தார். 2024-ல் அந்தச் சங்கத்துக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. மறைத்தவரை அது தழும்பு. நாலு பேர் கூடி வெளியே காட்டியதும் அதுவே சாட்சி ஆயிற்று.

செய்யவேண்டியது என்ன?

ஆலைத் தீயில் உருக்குலைந்தவர்களை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கக் கோருவோம். தழும்புக்கான அறுவையும் பயிற்சியும் இலவசமாக, கூலி இழப்புக்கு ஈடு கொடுத்து நடக்கட்டும். உள்குத்தகைக் கொட்டகை உட்பட ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும். வெந்தவருக்கு அதே ஆலையில் ஆபத்தில்லாத வேலை கொடுக்கட்டும்.

இவை சர்க்காரும் முதலாளியும் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதற்கு மனுப் போடத் தேவையில்லை. பட்டப்பெயரை இன்றோடு விடுவோம். நம் கூட்டங்களில் வெந்தவர்களைப் பின்வரிசையில் உட்காரவிடாமல் மேடைக்கு அழைப்போம், அவர்களே பேசட்டும். நம் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது தழும்பைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று தீர்மானிப்போம்.

தோழர்களே! வெட்கப்பட ஆள் வேண்டுமானால், ஓர் அறையில் நாலு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பத்துப் பேரைத் திணித்தவன் வெட்கப்படட்டும். நாம் தலை நிமிர்ந்து நடப்போம்.