சிரித்தாலும் பரவாயில்லை, சத்தமாகச் சொல்லுங்கள்!



அரையாண்டு லீவு வரப்போகுது. திருச்செந்தூர், கன்னியாகுமரி, வேளாங்கண்ணி என்று நம்மில் பல பேர் கடல் பார்க்கக் கிளம்பிவிடுவோம். அதற்கு முன்னால் ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். கூடவே என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் வருஷம் இங்கிலாந்தில் இருந்து ஒரு குடும்பம் கிறிஸ்துமஸ் லீவுக்குத் தாய்லாந்து போனது. அவர்கள் ஊரில் டிசம்பரில் பல் கிட்டிப்போகும் குளிர். தாய்லாந்தின் புக்கெட் தீவிலோ நல்ல வெயில், அழகான கடற்கரை. அந்த வீட்டு மூத்த பொண்ணு பேர் டில்லி ஸ்மித் (நம்ம தலைநகரம் இல்லை, பேரே அதுதான்!). வயசு 10.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26 காலையில், எல்லாரும் மை காவ் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தார்கள். கடல் தண்ணீர் நுரைத்துப் பொங்குவதையும், அலை வழக்கம்போல் திரும்பிப் போகாததையும் டில்லி பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவள் வகுப்பில் புவியியல் சார் சுனாமி பாடம் நடத்தியிருந்தார். “சுனாமி வரப்போகுது!” என்று கத்தினாள். அம்மா முதலில் நம்பவில்லை. அவள் விடவில்லை. கடைசியில் அப்பா போய்க் காவலாளியிடம் சொன்னார். கரையில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். சுமார் 100 பேர் உயிர் பிழைத்தார்கள்.

அதே நாள் காலையில் நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் சுனாமி அடித்தது. வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட வந்தவர்கள் பலர் திரும்பவே இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் இறந்தார்கள். சுனாமி என்ற வார்த்தையே அன்றைக்குத்தான் தெரியும் என்று எங்கம்மா சொல்வாங்க. நான் அப்போது பிறக்கவே இல்லை.

இப்போது என் கதை. போன வருஷம் வேன் வைத்துத் திருச்செந்தூர் போனோம். கோயில் பக்கத்தில் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கி இருந்தது. பாசி பிடித்த பாறை எல்லாம் வெளியே தெரிந்தது. எங்க பெரியப்பா உட்பட எல்லாரும் இறங்கிப் போய் போட்டோ எடுத்தாங்க. எனக்குப் பாடம் ஞாபகம் வந்தது, நெஞ்சு படபடன்னு அடித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. “பெரிய மனுசி மாதிரி பேசாத”ன்னு சிரிப்பாங்களோன்னு பயம். ஊமை கண்ட கனவு மாதிரி நின்னேன். அமாவாசை, பௌர்ணமிக்கு இப்படி நடக்கிறது வழக்கம்தான்னு கடைக்கார அக்கா சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? பத்து வயசுப் பிள்ளை சொன்னாள். பதினாலு வயசு நான் சொல்லவில்லை. மாதக் கடைசித் தேர்வில் சுனாமிக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவள் நான்!

“நம்ம ஊர்ல ஏது கடல்?” என்று கேட்பீர்கள். நம்ம ஊரில் புகை இருக்கிறதே! பட்டாசு ஆபீஸ் பக்கம் புகை கிளம்பினால் நாம் என்ன செய்கிறோம்? பார்க்க ஓடுகிறோம். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள் இல்லை. உதவி செய்ய ஓடியவர்கள், பார்க்கப் போனவர்கள். முதல் வெடியோடு முடிந்தது என்று நினைத்தார்கள். சுனாமியும் அப்படித்தான். முதல் அலையோடு முடியாது. நடுவில் கடல் உள்ளே போகும்போது மீன் பொறுக்கப் போகிறவர்களை அடுத்த அலை கொண்டுபோகும்.

இப்போதுதான் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். ஆமாம், 2007-ல் இருந்து இருக்கிறது, நல்லதுதான். ஆனால் குளிக்கும்போது செல்போன் பையில் கிடக்கும். கண் மட்டும்தான் நம்மிடம் இருக்கும். சும்மா சும்மா கத்தினால் ‘புலி வருது’ கதை ஆகாதா என்றும் கேட்கலாம். அந்தப் பையன் பொய் சொன்னான். நாம் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறோம். தப்பாகப் போனால் கொஞ்சம் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. ஆசிரியர்களே, லீவு விடும் முன் ஒரு நாள் பிரேயரில் இதைச் சொல்லிக் கொடுங்கள்: கரையில் நிலம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ மேட்டுப் பக்கம் ஓட வேண்டும், புகையைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். பெரியவர்களே, பிள்ளைகள் சொன்னால் ஒரு நிமிஷம் காது கொடுங்கள். டில்லி கத்தியதால் மட்டும் 100 பேர் பிழைக்கவில்லை. அவள் அப்பா கேட்டதாலும்தான் பிழைத்தார்கள்.

அடுத்த தடவை நான் கண்டிப்பாகக் கத்துவேன். நீங்களும் கத்துங்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி