கூடிக் கற்கட்டும் மருத்துவ மாணவர்கள்



மருத்துவர், தாதி, மருந்தாளர், உணவியலாளர் என எல்லாரும் ஒரே நோயாளிக்குத்தான் பணி செய்கின்றனர். ஆயினும், படிக்கும் காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் காண்பதே அரிது. எங்கள் வட்டாரத்தையே பாருங்கள். 2005-இல் செமினியில் வந்தமைந்த நாட்டிங்காம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தில் மருந்தாளராக விரும்புவோர் பயில்கின்றனர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்களோ செராசில் பயில்கின்றனர். இப்படித் தனித்தனியே வளர்த்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த மறுநாளே 'கூடிப் பணியாற்றுங்கள்' என்றால் எப்படி இயலும்?

பல துறை மாணவர்களும் சேர்ந்தும் ஒருவரிடமிருந்து ஒருவரும் கற்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010-இலேயே வலியுறுத்தியது. ஆனால், ஒரே மண்டபத்தில் அமர்ந்து விரிவுரை கேட்பது கூட்டுப்பணி ஆகாது. ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவோம். குழுப்பணி கொடுத்தால் கெட்டிக்கார மாணவன் எழுதி முடிப்பான். மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதுவார்கள். 1971-இல் அமெரிக்க உளவியலாளர் எலியட் அரோன்சன் இதற்கொரு வழி கண்டார். பாடத்தைப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தார். எல்லாரும் பேசினால்தான் பாடம் முழுமையாகும்.

தொலைமருத்துவம் இயல்பாகவே அத்தகைய பாடம் என்பது என் கருத்து.

ரிஞ்சிங் பக்கம் வாழும், இனிப்பு நீர் உள்ள ஒரு பாட்டியைக் கற்பனை செய்து பாருங்கள். 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையேதான் மிக அதிகம். திரையில் பாட்டி தோன்றுகிறார். இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவ மாணவர் பார்க்கிறார். சுகாதார நிலையத்து மாத்திரையோடு கடையில் வாங்கிய மாத்திரையையும் பாட்டி விழுங்குவதை மருந்தியல் மாணவர் கண்டுபிடிக்கிறார். காலில் ஆறாத புண் இருப்பதைத் தாதிமை மாணவர் கவனிக்கிறார். விரத நாளில் பாட்டி மாத்திரையை நிறுத்திவிடுவது கைப்பேசியைப் பிடித்திருக்கும் பேரனுக்குத்தான் தெரியும். யாரேனும் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் சிகிச்சை பிழையாகிவிடும்.

இது வெறுங்கனவு அன்று. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் சிற்றூர்களில் கண் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கேயே கண்ணைப் பரிசோதிக்கிறார். தொலைவிலுள்ள மருத்துவர் கணினி வழி நோயாளியோடு பேசி முடிவு செய்கிறார். அந்தப் பணியாளரின் கண்ணை மருத்துவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைத்தான் மாணவப் பருவத்திலேயே ஊட்ட வேண்டும்.

ஆனால், வசதியற்ற மக்கள் மாணவர்களின் சோதனைப் பொருளாகிவிடக் கூடாது. எனவே மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, தகுதி பெற்ற மருத்துவர் உடனிருந்து பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, நோயாளியின் ஒப்புதலை அவருக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பெற வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டியிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டுவது ஒப்புதல் ஆகாது. மூன்றாவது, ஐந்து மாணவர்கள் ஐந்து விதமாகச் சொல்லாமல், தங்களுக்குள் கலந்து பேசி ஒரே அறிவுரையாகத் தர வேண்டும். அது வழக்கமாக அவரைக் கவனிக்கும் சுகாதார நிலையத்திற்கும் சென்று சேர வேண்டும். மதிப்பெண்ணும் குழுவிற்கே வழங்கப்படட்டும்.

கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. 1997-இலேயே தொலைமருத்துவச் சட்டத்தை இயற்றிய நாடு நம்முடையது. குறைவாக இருப்பது துறைச் சுவர்களைத் தாண்டும் மனம்தான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மருத்துவமோ தாதிமையோ மருந்தியலோ படித்தால், தேர்ச்சி விவரத்தோடு இதையும் கேளுங்கள்: "வேறு துறை மாணவரோடு சேர்ந்து ஒரு நோயாளியையாவது கவனித்தாயா?"