அவிழ்ந்த கூந்தலும் மூன்று முடிச்சும்

காஞ்சிபுரம் பட்டை உடுத்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முகூர்த்த மணையில் உட்காரும் நாகரிகத்தை நான் எதிர்க்கிறேன். சாஸ்திரத்தை இழுக்கப் போவதில்லை. தாலி முடிச்சு விழும் இடம் பிடரி. என் வாதம் அவ்வளவே. முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடுவது பல வீடுகளில் வழக்கம். பாவம், அந்த நாத்தனார் சரட்டைத் தேடுவாளா, சிக்கெடுப்பாளா? (அதற்குள் கெட்டிமேளம் ஓய்ந்துவிடும்.) மாலை வேறு முடியைப் பிடித்து இழுக்கும். எதிரே ஹோமத் தீ. தலையிலோ எளிதில் பற்றிக்கொள்ளும் ஸ்ப்ரே! பின்னலானால் தூக்கி முன்னால் போட்டுக்கொள்ளலாம். முடி குட்டையா? சின்னக் கொண்டை போட்டுப் பூச் சுற்றுங்களேன். சவுரி வைத்து, ஜடைநாகத்தை ஏற்றி, பெண்ணின் கழுத்தை ஒடிக்கும் பாட்டிமாரோடும் எனக்குச் சண்டைதான். புகைப்படக்காரருக்கு விரிந்த கூந்தல்தான் வேண்டுமென்றால் சாயந்தர வரவேற்பில் எடுத்துக்கொள்ளட்டும்.