71 விழுக்காடு: யார் குற்றவாளி?



2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் 40,313 பேரில் 28,926 பேர், அதாவது 71 விழுக்காட்டினர், இந்தியர் என்று அறிவித்தது. நாட்டு மக்கள்தொகையில் நாமோ ஏறத்தாழ 7 விழுக்காடு! அன்று முதல் இந்த எண் நம் கூட்டங்களில் சாட்டையாகச் சுழல்கிறது. "நம் பையன்களைத் திருத்த முடியாது, பிடித்து உள்ளே போட வேண்டியதுதான்" என்று நம்மவரே முழங்குகின்றனர். ஆசிரியர் அறையிலும் இக்குரல் கேட்கிறது. இதனை நான் வன்மையாக மறுக்கிறேன்.

அந்த எண் அதிகாரிகள் அடையாளங்கண்டோரின் தொகை. நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தோரின் தொகை அன்று. இவ்வேறுபாட்டை உணராமல் ஓர் இனத்தையே கூண்டில் ஏற்றலாமா?

அதே 2013-இல் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 'பொக்கா' என நாம் அழைக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2014-இல் நடப்புக்கு வந்த அத்திருத்தம், ஒருவரை முதலில் 21 நாளும் பின்னர் 38 நாளும் காவலில் வைக்கவும், அதன்பின் வழக்கு விசாரணையே இன்றி ஈராண்டு வரை தடுத்து வைக்கவும், அதனை மேலும் நீட்டிக்கவும் வழிவகுத்தது. முடிவெடுப்பது நீதிபதி அல்லர், ஒரு வாரியம். சான்றுகளை வெளிப்படையாக வைத்து வாதாட இடமில்லாத இடத்தில், குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் எவ்வாறு பிரித்தறிவது?

சரி, வழக்கு நீதிமன்றத்திற்கே வருகிறது என்று கொள்வோம். அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. ஏட்டில் சமம்தான். நடைமுறையில்?

1. பிணை. ஒரே குற்றச்சாட்டு, இரண்டு இளைஞர்கள், ஆளுக்கு 5,000 ரிங்கிட் பிணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனின் தந்தை அன்று மாலையே பணத்தைக் கட்டி மகனை அழைத்துச் செல்கிறார். மற்றவனின் தாய் துப்புரவுத் தொழிலாளி. அவரால் இயலவில்லை. தீர்ப்பு வரும்முன்பே அவன் சிறையில். வேலை போகிறது, படிப்பும் போகிறது.

2. வழக்கறிஞர். கட்டணம் கட்ட முடியாதவன், வீட்டுக்குப் போனால் போதுமென்று குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துணிகிறான். அந்த ஒப்புதல் வாழ்நாள் முழுவதும் அவனைத் துரத்துகிறது.

3. அறியாமை. தன் உரிமை இன்னதென்று அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இம்மூன்றும் வறுமையின் விளைவுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம் மக்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பின்னர் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் தள்ளப்பட்ட வரலாற்றைப் பேசாமல், குருதியிலேயே குற்றம் ஊறியிருப்பதாகப் பேசுவது அறிவீனம்.

"அப்படியானால் குண்டர்களுக்குப் பரிந்து பேசுகிறீரா?" என்று சிலர் கேட்பர். இல்லை. வெட்டுப்படுபவனும், மிரட்டிப் பணம் பறிக்கப்படும் கடைக்காரரும் பெரும்பாலும் நம்மவரே. குற்றத்திற்குத் தண்டனை வேண்டும். ஆனால், தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். பின்வந்த ஆய்வுகளும் பெரிதும் அப்பக்கமே சாய்கின்றன. போதைப்பொருள் கடத்தலுக்கு 1983 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை இருந்தது, கடத்தல் ஒழிந்ததா? 2023-இல் நாடாளுமன்றமே அந்தக் கட்டாயத்தை நீக்கியது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016-இல் ஒரு சோதனை நடத்தினர். பாலர்பள்ளி ஆசிரியர்களிடம் நான்கு குழந்தைகள் விளையாடும் காணொளியைக் காட்டி, குறும்பு எப்போது வெளிப்படுகிறதென்று கவனிக்கச் சொன்னார்கள். காணொளியில் குறும்பே இல்லை! ஆயினும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவன்மீதே மிகுதியாக நிலைத்தன. நம் கண்கள் எவன்மீது நிலைக்கின்றன? மலிவு அடுக்ககத்திலிருந்து கசங்கிய சீருடையோடு வருபவன்மீதா? "நீ சிறைக்குத்தான் போவாய்" என்று பத்து வயதில் நாம் சொல்லும் சொல்லே அவன்மீது எழுதப்படும் முதல் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

எனவே, மூன்று செய்திகளையேனும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். கைதாகும் எவருக்கும் காரணத்தை அறியவும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு உரிமை தருகிறது. 18 வயதுக்குட்பட்டவர் கைதானால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டுமென்று 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் கூறுகிறது. வசதியற்ற குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் உதவ, 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறவாரியம் செயற்படத் தொடங்கியது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இவற்றைச் சொல்ல அரைமணி நேரம் போதும்.

ஆண்டுதோறும் விருந்துக்கும் மாலை மரியாதைக்கும் நேரம் ஒதுக்குகிறோமே, இதற்கு ஒதுக்க மாட்டோமா? 71 என்ற எண்ணைச் சொல்லித் தலைகுனிவது எளிது. அந்த எண்ணில் நம் மாணவன் ஒருவன் சேராதிருக்க நாம் என்ன செய்தோம் என்பதே கேள்வி. விடை நம்மிடம்தான் இருக்க வேண்டும்.