பருவமழை மீது சுமத்திய பழி

துப்பாக்கி என்றதும் முகம் சுளிப்பது இலக்கிய வாசகரின் வழக்கம், நாமும் அவ்வினத்தவரே. எனினும் அமெரிக்கக் குறிசுடும் விளையாட்டாளர்கள், சுட்டு முடித்த ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புமுன் செய்யும் ஆயத்தங்கள் நம் கவனத்துக்குரியவை. கூட்டைத் துலக்கி, அச்சிலிட்டுப் பழைய வடிவுக்குக் கொணர்ந்து, நீண்டுவிட்ட கழுத்தை அளவுக்கு வெட்டுகிறார்கள். .308 வின்செஸ்டர் வகையில் கூட்டின் நீளம் 51.18 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது.

70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, ஒவ்வொரு சூட்டிலும் இறுகிப்போகிறது. ஆகவே கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள். அடிப்பாகம் இளகினால் சுடுபவருக்கே ஊறு.

இவ்விறுக்கத்துக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. பிரித்தானியர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கூடுகள் தாமாகவே விரிசல் கண்டன. 'பருவ விரிசல்' என்று பெயரிட்டார்கள். மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921இல் காரணத்தை விளக்கினர்: குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், பித்தளையைச் சூடேற்றாமல் இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்த விளைவு அது. வடித்தபின் சூடேற்றி அவ்விறுக்கத்தைத் தளர்த்துவதே மருந்தாயிற்று.

பாதிக் குறை செய்முறையில் இருக்க, பெயரோ பழி முழுவதையும் பருவத்தின் மீது போட்டது. சொல் பிழைத்தால் காரணமும் கண்ணுக்கு மறைகிறது. உலோகத்தையும் பட்டறையையும் பற்றிய எழுத்து இலக்கியத்துக்குப் புறம்பு என ஒதுக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: பொருளைத் தொட்டறியாத மொழி, எதற்குச் சரியான பெயர் சூட்டிவிடும்?