பொருநைக் கரையில் ஒரு நடைவழி

தூத்துக்குடித் துறைமுகத்தைக் காணச் செல்வோர் முதலில் வியப்பது அதன் அலைதாங்கிச் சுவர்களையே. கரையிலிருந்து கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அக்கற்சுவர்களின் அணைப்பில் பெருங்கப்பல்கள் அமைதியாக நிற்கின்றன. 1974 ஆம் ஆண்டில் இந்தியப் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்ற இத்துறைமுகம், 2011 ஆம் ஆண்டு முதல் வ.உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906 இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, இதே கடற்கரையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட பெருமகனுக்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை.

ஆயினும் இத்துறைமுகத்திற்கும் முன்னோர் உண்டு. பாட்டனும் பூட்டனுமாகிய அப்பழந்துறைகள் கடற்கரையில் இல்லை. நெல்வயல்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே கிடக்கின்றன. அவற்றைக் காண விரும்புவோர் கடலுக்கு முதுகு காட்டித் தாமிரவருணி எனப்படும் பொருநையாற்றின் கரைமேல் நடத்தல் வேண்டும். அங்ஙனம் நடப்பதற்கு ஏற்ற வழியொன்று இன்று ஒழுங்காக இல்லை என்பதே குறை.

முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை, பாண்டியரின் பழந்துறை. கி.பி. முதல் நூற்றாண்டினனாகிய பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவன், பாண்டியநாட்டு முத்துக்குளிப்பைப் பற்றித் தன் குறிப்பில் எழுதி வைத்தான். தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்குக் கடலில் மூழ்கி முத்தெடுத்தனர் என்கிறான். அத்துணைப் புகழ்பெற்ற துறை இன்று கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, ஒரு குளக்கரையில், சிற்றூராய் அடங்கிக் கிடக்கிறது. ஆறு சுமந்து வந்த வண்டல் கழிமுகத்தை மெல்ல மெல்ல மேடாக்கியது; கடல் பின்வாங்கியது; துறையும் கடலைத் தொடர்ந்து கிழக்கே பெயர்ந்தது. அடுத்துத் தோன்றிய துறையே காயல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஏதன் முதலிய மேலைத்துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கு நின்றதைக் கூறுகிறார். காலப்போக்கில் அதனையும் வண்டல் விட்டுவைக்கவில்லை. அவ்வூர் இன்று பழையகாயல் எனப்படுகிறது. பேராயர் கால்டுவெல் இவ்விரண்டு ஊர்களிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தார். பழையகாயலில் சீனப் பீங்கானின் உடைந்த துண்டுகள் அவருக்குக் கிடைத்தன. பின்னர்ப் போர்த்துக்கேசியர் ஆற்றுமுகத்தில் உள்ள புன்னைக்காயலில் தங்கினர். வாணிகம் இறுதியில் தூத்துக்குடிக்குச் சென்று சேர்ந்தது.

இவற்றையெல்லாம் நூலில் படித்தல் எளிது. படித்தவர் உணர்கின்றனரோ எனின், பெரும்பாலும் இல்லை. சிற்றுந்தில் சென்று கொற்கைக் குளத்தையும் பழைய வன்னிமரத்தையும் பார்த்துவிட்டுக் கால்மணி நேரத்தில் கடற்கரையை அடைபவனுக்கு, இடையில் உள்ள நிலம் சன்னல்வழி ஓடும் வெறுங்காட்சி. அதே தொலைவை நடந்து கடப்பவனோ ஒவ்வோர் அடியிலும் பழைய கடலடியின்மேல் கால் வைக்கிறான். வயல் எங்கே முடிந்தது, மண்ணில் உப்புப் பூக்கத் தொடங்கியது எங்கே, காற்றின் மணம் மாறியது எங்கே என்பவற்றை அவனுடைய உடலே அறிந்துகொள்கிறது. ஊர்ப்பெயர்களும் அவனோடு பேசுகின்றன. காயல் என்பது கடல்நீர் உட்புகுந்து தேங்கும் நீர்ப்பரப்பு. அப்பெயரைத் தாங்கிய ஊர் வறண்ட நிலத்தில் நிற்பதைக் கண்டவன், அப்பெயர் பொய்யன்று, நிலமே மாறிற்று என்று தானே தெளிவான். கொற்கையை அடுத்து அக்கசாலை என்றோர் ஊர் உண்டு. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் கூடம். நாணயம் மறைந்தது, கூடம் மறைந்தது, சொல் மட்டும் வேலியோரத்தில் ஊர்ப்பெயராய் உயிர்வாழ்கிறது.

மருதமும் நெய்தலும் திணைகள் என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். முதற்பொருள், கருப்பொருள் என்று பட்டியல் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஏரலில் காலையில் புறப்பட்டுக் கரைவழியே கிழக்கு நோக்கி நடக்கும் மாணவன், வாழைத்தோட்டமும் நெல்வயலும் கடந்து, மாலைக்குள் உப்பளத்தையும் மீனவர் குடியிருப்பையும் காண்பான். ஒரு பகற்பொழுதில் இருதிணையும் அவன் காலடியில் வந்து நிற்கும். பட்டியல் செய்யாததை நடை செய்துவிடும்.

மேற்கே செல்லச் செல்ல வழி இன்னும் வளமுடையது. ஆதிச்சநல்லூரில் உழவுக்கு உதவாத சரளைமேட்டையே முன்னோர் இடுகாடாகத் தேர்ந்து, தம் முதுமக்களைத் தாழிகளில் அடக்கினர். 1876 இல் செர்மானியர் யாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் இரீயும் அம்மேட்டை அகழ்ந்தனர். ஆற்றுக்கு வடக்கே சிவகளையில் தாழியொன்றிலிருந்து கிடைத்த நெல்மணியின் காலம் கி.மு. 1155 என ஆய்வு கூறிற்று. அச்செய்தி 2021 இல் வெளியிடப்பெற்றது. குமரகுருபரர் பிறந்த திருவைகுண்டமும், நம்மாழ்வாரின் புளியமரம் நிற்கும் ஆழ்வார்திருநகரியும், தென்திருப்பேரை, பெருங்குளம் முதலிய ஏனைத் திருப்பதிகளும் ஆற்றின் இருமருங்கும் உள்ளன. வைகாசித் திருவிழாவில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரியில் கருடசேவை சாத்துகின்றனர். அவ்வூர்த் தெய்வங்களே ஆற்றங்கரை வழிகளை மறக்கவில்லை, மறந்தவர் மக்களே.

வழி எப்படி மறைந்தது? முற்காலத்தில் இக்கரைகளுக்குக் காவல் காலடியே. திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிகின்றன. வடகாலின் கடைமடை தூத்துக்குடியை ஒட்டிய கோரம்பள்ளம் குளம்வரை செல்கிறது. நீர்பாய்ச்சி மண்வெட்டியுடன் நாள்தோறும் கரைமேல் நடந்தான். உழவர் நடந்தனர், சந்தைக்குச் செல்லும் பெண்டிர் நடந்தனர், ஊர்விட்டு ஊர் பள்ளிக்குச் சென்ற சிறுவர் நடந்தனர். மிதிபட்ட கரையில் முள் முளைக்கவில்லை. பேருந்தும் இருசக்கர வண்டியும் வந்தபின் கால்கள் கரையை விட்டன. சீமைக்கருவேலம் கரையைப் பற்றிக்கொண்டது. சிலவிடங்களில் அயலிலிருந்த வேலி சற்றே நகர்ந்து கரையை விழுங்கியது. நடப்பார் இல்லாத வழியைக் கேட்பாரும் இல்லை. இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், இங்கே வழி இருந்தது என்று சுட்டிக் காட்டக்கூடிய முதியவரும் இருக்கமாட்டார்.

வண்டியுள்ள நாளில் நடைவழி எதற்கு என்று வினவுவோர், திருச்செந்தூருக்குச் செல்லும் அடியவரைப் பார்த்தல் வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிப் பல மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வருகின்றனர். அவர்கள் நடப்பது சரக்குந்து விரையும் தார்ச்சாலையின் ஓரத்தில், அதுவும் இரவில். சட்டையில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. நல்ல அறிவுரைதான். எனினும் நடப்பவனுக்கு வழி கொடாமல் ஒட்டுத்தாள் கொடுப்பது முழுமையான தீர்வாகாது.

வெள்ளம் வந்தால் வழி அழிந்துவிடுமே என்பது மற்றொரு தடை. அதனை எளிதில் தள்ளுதல் இயலாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை இம்மாவட்டம் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்ட தொடர்வண்டியில் நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளம் சூழ இருந்தனர். ஏரலில் ஆற்றுப்பாலம் சிதைந்தது. ஊர்கள் பல துண்டிக்கப்பட்டுத் தீவுகளாயின. இத்தகைய வெள்ளம் மீண்டும் வருமாயின் கரைவழியின் சிலபகுதி அறுபடவே செய்யும். ஆயின் நாள்தோறும் மக்கள் நடக்கும் கரையில் எலிவளையும் நீர்க்கசிவும் உடைப்பு ஆவதற்கு முன்பே கண்ணிற்படும். முட்புதர் மூடிய கரையில், உடைந்த பிறகே உடைந்தது தெரியும். வெள்ளத்திற்கு அஞ்சுவோரே நடைவழியை முதலில் வேண்டுதல் தகும்.

பிறநாட்டார் இதனை உணர்ந்துள்ளனர். இங்கிலாந்தில் 1949 ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்தோறும் உள்ள பொதுநடைவழிகளை வரைபடத்தில் பதியுமாறு பணித்தது. பதியப்பெற்ற வழி தனியார் வயலூடே சென்றாலும் அதில் நடக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. சப்பானியரின் குமானோ மலைவழியும், இசுபெயினில் சந்தியாகோ நோக்கிச் செல்லும் அடியவர் வழியும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. அவையும் தொடக்கத்தில் அடியவர் கால்கள் வகுத்த வழிகளே. பொருநைக்கரை அவற்றுக்குப் பழைமையிற் குறைந்ததன்று.

பளபளக்கும் கற்கள் பாவி, வண்ணவிளக்கு நட்டு, நுழைவுக்கட்டணம் வாங்குவதை நடைவழி என்று எண்ணிவிடல் ஆகாது. அத்தகைய அழகுபடுத்தல் நேராமல் இருப்பதே நன்று. வேண்டுவன சிலவே. கரையின் எல்லையை அளந்து பொதுவழி எனப் பதிதல் வேண்டும். முள்ளை வேரோடு களைந்து, நிழலுக்குப் பனையும் புன்னையும் மருதும் நடுதல் வேண்டும். ஊர்தோறும் குடிநீர் இருத்தல் வேண்டும். கொற்கையிலும் பழையகாயலிலும் புன்னைக்காயலிலும், கடல் இங்கு நின்றது என்று நூற்றாண்டுடன் பொறித்த கல் ஒன்று இருக்கட்டும். ஆதிச்சநல்லூரிலிருந்து புன்னைக்காயல்வரை இருநாள் நடை. இடையில் ஓரிரவு தங்க, ஏரலிலோ ஆத்தூரிலோ ஒரு பள்ளிக்கூடத் திண்ணையே போதும். ஆத்தூரில் தங்குவோர், 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர் வெற்றிலையின் கொடிக்காலையும் கண்டு செல்லலாம்.

சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் கடிது. ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். மார்கழிப் பிற்பகுதி தொட்டு மாசிவரையே இந்நடைக்கு உரிய காலம். அறுவடை முடிந்த தை மாதத்தில் ஊர்மக்களுக்குச் சிறிது ஓய்வும் உண்டு. தைப்பூசத்திற்கு முன் ஏரலுக்கும் ஆத்தூருக்கும் இடையில் உள்ள கரையை மட்டுமேனும் முள் நீக்கித் தந்தால், அவ்வாண்டு திருச்செந்தூருக்கு நடக்கும் அடியவர் சிலரேனும் தார்ச்சாலையை விட்டு ஆற்றங்கரையில் இறங்குவர்.